கையால் செய்யும் படிப்பு வீட்டுக்கு வருமா?

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எவ்வளவுதான் படித்தாலும் கையில் பழகாத படிப்பு பிரயோஜனப்படாது என்பது அதன் அர்த்தம். வாஸ்தவமான பேச்சுதான். ஆனால் இதையே சாக்காக வைத்து அநேகப் பிள்ளைகளை நாம் ஸயன்ஸ் பக்கமே போகவிடாமல் செய்துவிடுகிறோம்.

"லேப் இருக்கிற படிப்பெல்லாம் தினமும் காலேஜ் போறவங்களுக்குத்தான். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு உனக்கு அது சரிப்படாது. பேசாம தபால்ல பி.ஏ. கட்டு" என்று கல்யாணமான பெண்ணுக்குப் புத்தி சொல்கிறோம். கண் பார்வை குறைந்த பிள்ளைக்கும், காது மந்தமான பிள்ளைக்கும், மாடிப்படி ஏற முடியாத பிள்ளைக்கும் இதே உபதேசம்தான். அந்தப் பிள்ளைக்கு எதில் ஆசை என்று கேட்பவர்கள் குறைவு.

இப்போது பாடங்கள் கைபேசி வழியாக வீட்டுக்கே வருகின்றன. அப்படியானால் கையால் செய்து பார்க்க வேண்டிய படிப்பும் வீட்டுக்கு வருமா? யாரையும் விட்டுவிடாமல் எல்லாருக்கும் வருமா? நான் பிளஸ் டூவோடு நின்றவள். ஆனால் இருபது வருஷமாக அம்பத்தூரில் குடித்தனம். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். கைவேலையின் அருமை தெரிந்த வீடு எங்களுடையது. எனவே இந்த விஷயத்தைச் சிரத்தையாக விசாரித்தேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

செல்போனில் நடந்த பட்டறை வகுப்பு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆவடியில் இருக்கும் என் நாத்தனார் மகள் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரே ஒரு கைபேசி. காலையில் தம்பிக்கு வகுப்பு, மத்தியானம் இவளுக்கு. பாடம் நடத்துவதாவது பரவாயில்லை. பிராக்டிகல் வகுப்பு வந்தபோதுதான் கஷ்டம். ஆசிரியர் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்துக் காமிராவுக்கு முன்னால் காட்டுவார். அவர் கை மறைத்துக்கொள்ளும். டேட்டா தீர்ந்தால் படம் அப்படியே நின்றுவிடும். மறுபடி வரும்போது வேலை முடிந்திருக்கும்.

ரெகார்ட் நோட் எழுத வேண்டுமே? ஒரு பையன் போட்ட அளவுகள் வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் போயின. முப்பது பேரும் ஒரே அளவை எழுதினார்கள். முப்பது பேருக்கும் நல்ல மார்க்!

இந்த மார்க்கின் யோக்கியதை படிப்பு முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் மல்ட்டிமீட்டரை வைத்து, "இந்த போர்டில் எங்கே கரண்ட் வரலை, பார்த்துச் சொல்லும்மா" என்றிருக்கிறார்கள். மீட்டரின் கம்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, "அத்தை, எனக்கு எல்லாம் தெரியும், ஆனா கைக்குத் தெரியலை" என்று சொல்லி அழுதாள்.

அவள் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், மறுநாளே ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர், துளைகள் போட்ட பிளாஸ்டிக் பலகை ஒன்று, 9 வோல்ட் பாட்டரி, நாலைந்து சின்ன விளக்குகள் எல்லாம் வாங்கி வந்தார். எங்கள் சாப்பாட்டு மேஜையில் தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம். மூன்று வாரத்தில் கை பழகிவிட்டது. அடுத்த கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தச் சாமான்களைக் கல்லூரியே வகுப்புக்கு முன்னால் கொடுத்திருந்தால் ஒரு வருஷம் வீணாகியிருக்காதே என்று எனக்குத் தோன்றியது.

2021 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசமாகத் தருவதாக அறிவித்தது. பெரிய உபகாரம்தான். ஆனால் டேட்டா மட்டும் இருந்தால் கை பழகிவிடாது.

தபாலில் வந்த ஆய்வகம்

சாமான்களை வீட்டுக்கு அனுப்பிப் படிக்க வைப்பது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படாதீர்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் என்று ஒன்று 1969ல் அமைந்தது. 1971 ஜனவரியில் பாடம் ஆரம்பித்தது. வேலைக்குப் போகிறவர்கள், வீட்டுப் பெண்கள், உடம்பு முடியாதவர்கள் எல்லாரும் அதில் சேரலாம். ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பாடம் நடக்கும். ஸயன்ஸ் எடுத்தவர்களுக்கு ஒரு பெட்டி தபாலில் வந்து சேரும். கண்ணாடிக் குழாய்கள், ரசாயனப் பொருள்கள், உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப் எல்லாம் அதில் இருக்கும். அவரவர் வீட்டுச் சமையலறை மேஜையிலேயே சோதனை செய்து, அளவு எழுதி அனுப்ப வேண்டும். பாடம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அது அடுத்தவருக்குப் போகும். வாசகசாலைப் புத்தகம் மாதிரி! பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரியில் சோதனை செய்து பட்டம் வாங்கும் வழி தாய்மார்களுக்கும் திறந்தது.

நம் நாட்டில் என்ன வழி?

நம் நாட்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985ல் தொடங்கியது. அதில் பி.எஸ்ஸி. படிக்கிறவர்கள் பாடத்தை வீட்டில் படிக்கலாம். பிராக்டிகலுக்கு மட்டும் குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போக வேண்டும். தினமும் போக வேண்டியதில்லை. தொடர்ச்சியாகச் சில நாட்கள் போய் முடித்துவிடலாம்.

இரண்டாவது வழி, 'வர்ச்சுவல் லேப்ஸ்'. 2009ல் ஆரம்பித்த மத்திய அரசின் தேசியக் கல்வித் திட்டத்தின் கீழ், டெல்லி ஐ.ஐ.டி.யின் பொறுப்பில், பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து உண்டாக்கியது. நம் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகமும் இதில் ஒன்று. கட்டணம் கிடையாது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சோதனையைக் கம்ப்யூட்டர் திரையில் பொம்மை மாதிரி செய்து பார்ப்பது. மற்றது, எங்கோ ஒரு ஆய்வகத்தில் இருக்கும் நிஜமான கருவியை நாம் வீட்டிலிருந்தே இயக்குவது. ஊரில் தோட்டத்து மோட்டாரை இப்போது கைபேசியிலிருந்தே போடுகிறார்களே, அந்த மாதிரிதான். முதல் வகையில் எத்தனை முறை தப்புச் செய்தாலும் கண்ணாடி உடையாது, மருந்து வீணாகாது, பயம் தெளியும். இரண்டாவது வகையில் வருகிற அளவு நிஜமான அளவு.

மூன்றாவது வழி நம் சென்னையிலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2023ல் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பட்டப்படிப்பை இணைய வழியில் ஆரம்பித்தது. பாடம் வீட்டில் இருந்தபடியே. ஆய்வகத்துக்கு மட்டும் கிண்டி பக்கம் உள்ள அவர்கள் வளாகத்துக்கு நேரில் போக வேண்டும். அம்பத்தூர், ஆவடிப் பிள்ளைகளுக்கு இது ஒரு பஸ் தூரம்தான்.

ஆக, எல்லாவற்றையும் திரையில் காட்டி முடித்துவிடலாம் என்று இந்தப் பெரிய இடங்கள்கூட நினைக்கவில்லை. தலைக்கு ஏற வேண்டியதை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கைக்குப் பழக வேண்டியதற்குச் சில நாட்கள் நேரில் வரச் சொல்கிறார்கள், அல்லது பெட்டியை அனுப்புகிறார்கள். "வெர்னியரைக் கையில் பிடிக்காதவனை நாங்க லேத் பக்கத்துல விடமாட்டோம்" என்று என் வீட்டுக்காரர் சொல்வதும் இதைத்தான்.

அந்த ஏழு நாட்கள்

நேரில் போக வேண்டிய அந்தச் சில நாட்கள்தான் நம் பெண்களுக்கு மலை. எங்கள் எதிர் வீட்டு மருமகள் வீட்டிலிருந்தே பி.எஸ்ஸி. படிக்கச் சேர்ந்தாள். இரண்டு வயதுக் குழந்தை. பாடமெல்லாம் குழந்தை தூங்கும் நேரத்தில் படித்துவிட்டாள். 'தொடர்ந்து ஏழு நாள், காலை முதல் மாலை வரை' என்று பிராக்டிகலுக்கு அறிவிப்பு வந்ததும், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மாமியாருக்கு முழங்கால் வலி; ஓடுகிற குழந்தையைப் பிடிக்க முடியாது. கணவருக்கு ஷிப்ட் வேலை.

எங்கள் தெருவில் நாலு பேர் கூடிப் பேசினோம். திங்கள் என் வீடு, செவ்வாய் மூன்றாம் வீட்டு அக்கா என்று முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டோம். ஏழு நாளும் போய் முடித்தாள். அவளுக்கு மூளையில் குறையில்லை, ஆசையில் குறையில்லை. ஏழு நாளைக்கு ஒரு இடுப்பு தேவைப்பட்டது, அவ்வளவுதான்! குழந்தைகளை விட ஒரு அறையும் ஒரு ஆயாவும் ஏற்பாடு செய்து, தேதியை இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டால் எத்தனையோ தாய்மார்கள் ஸயன்ஸ் படிப்பார்கள்.

கண் தெரியாவிட்டால் லேப் கிடையாதா?

எங்கள் பக்கத்துப் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கே இருக்கிறது. இந்தப் பக்கத்து பஸ்ஸில் வெள்ளைக் கோலோடு ஏறும் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள் நாங்கள். கண் தெரியாத பிள்ளைகள் பெரும்பாலும் இலக்கியம், வரலாறு என்றுதான் போகிறார்கள். பிராக்டிகல் செய்ய முடியாது என்ற எண்ணம்தான் பெரிய தடை.

டெல்லியில் கார்த்திக் சாஹ்னி என்ற பார்வையற்ற பையன் பிளஸ் ஒன்னில் ஸயன்ஸ் எடுக்க விரும்பினார். சி.பி.எஸ்.இ. முதலில் அனுமதிக்கவில்லை. திரும்பத் திரும்ப எழுதிப் போராடி 2011ல் அனுமதி வாங்கினார். பிறகு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்விலும் அவருக்கு வழி திறக்கவில்லை. ஆனால் 2013ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையோடு அவரைச் சேர்த்துக்கொண்டது. கம்ப்யூட்டர் ஸயன்ஸ் படித்து முன்னுக்கு வந்தார்.

கண் இல்லாமல் சோதனை எப்படி என்று கேட்பீர்கள். நம் சமையலறையை நினைத்துப் பாருங்கள். என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் கண்ணில் புரை. ஆனால் எண்ணெய் காய்ந்ததை ஒரு சொட்டு மாவு போட்டால் வரும் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். தோசைக்கல் சூட்டைத் தண்ணீர் தெளித்த 'சுர்'ரில் கண்டுபிடிப்பார். ரவை வறுபட்டதை வாசனையில், பாகுப் பதத்தை விரலில். கண் போய்விட்டதே என்று அவரை யாரும் அடுப்படியிலிருந்து தள்ளி வைக்கவில்லை. ஒரே பதத்தைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், மூக்கால் அறியலாம் என்பது நமக்குத் தெரிந்த சங்கதிதானே!

ஆய்வகத்திலும் அப்படியே. அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, திரவம் இளஞ்சிவப்பாக மாறும் இடத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை எல்லாக் கல்லூரியிலும் உண்டு. நிறத்தைப் பார்ப்பதா அங்கே படிப்பு? எந்த அளவில் மாறுகிறது என்று கண்டு கணக்குப் போடுவதுதான் படிப்பு. நிறத்தை வாயால் சொல்லும் கருவி வந்துவிட்டது. பேசும் வெப்பமானி, பேசும் தராசு இருக்கின்றன. படங்களை விரலால் தடவி அறியும்படி மேடாக அச்சிடுகிறார்கள். இவை இல்லாத இடத்தில் ஒரு துணையாள் பக்கத்தில் நின்று, "இப்போ நிறம் மாறிடுச்சு" என்று சொன்னாலே போதும். எதை ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பது மாணவராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. ஊசி போடக் கற்கும் நர்ஸ் தன் கையால்தான் போட்டுப் பழக வேண்டும். ஆகையால் ஒவ்வொரு பிராக்டிகலிலும் 'கை கட்டாயம் கற்க வேண்டியது எது, தலை கற்க வேண்டியது எது' என்று ஆசிரியர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்படிப் பிரித்தாலே பாதிப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிடும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. இடம் கொடுத்தால் போதுமா? உள்ளே வந்த பிள்ளை சோதனை மேஜை வரை வர வேண்டாமா?

சேருவதற்கு முன் கேளுங்கள்

வீட்டிலிருந்து படிக்கும் ஸயன்ஸ், தொழில் படிப்பு எதில் சேர்வதானாலும் பணம் கட்டும் முன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

1. பிராக்டிகல் எத்தனை நாள், எங்கே, எந்த மாதம்? தேதியை எவ்வளவு முன்னதாகச் சொல்வார்கள்?

2. சோதனைச் சாமான்கள் வீட்டுக்கு அனுப்புவார்களா? திருப்பித் தர வேண்டுமா? தனிக் கட்டணமா?

3. வகுப்பைப் பதிவு செய்து பிறகு பார்க்கக் கொடுப்பார்களா? குழந்தை அழுத நேரத்தில் போன பாடத்தை ராத்திரி பார்க்கலாம் அல்லவா? பேசுவது எழுத்தாகவும் கீழே ஓடினால் காது கேளாத பிள்ளைக்கும் உதவும். சத்தமில்லாமல் பார்க்க வேண்டிய தாய்க்கும் உதவும்.

4. குறிப்புகளை எழுத்தாக அனுப்புவார்களா, நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவார்களா? எழுத்தானால் கைபேசியே வாசித்துக் காட்டும். மங்கலான போட்டோவை வாசிக்கத் தடுமாறும்.

5. ஆய்வகம் மாடியில் என்றால் லிப்ட் உண்டா? சக்கர நாற்காலி மேஜைக்கு அடியில் போகுமா? துணையாளுக்கு அனுமதி உண்டா?

வீட்டில் செய்யக்கூடியவை

ஆண்ட்ராய்டு கைபேசியில் 'டாக்பேக்' என்ற வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் 'அக்ஸெஸிபிலிட்டி' என்ற இடத்தில் பாருங்கள். திரையில் உள்ளதை வாசித்துக்கொண்டே வரும். கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ. என்ற இலவச வசதி உண்டு. 2006ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் ஆரம்பித்த முயற்சி அது; இன்னொரு பார்வையற்ற நண்பரும் அதில் சேர்ந்துகொண்டார்.

சின்னக் குழந்தைகளுக்கு இப்போதே கையைப் பழக்குங்கள். சாம்பார்க் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் கறை சிவப்பாகிறது அல்லவா? மஞ்சள், காரம் பட்டால் சிவக்கும். அதில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள், மறுபடி மஞ்சளாகும். அமிலம், காரம் பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. மனு பிரகாஷ் என்ற நம் நாட்டு விஞ்ஞானி அமெரிக்காவில் உண்டாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் 'போல்ட்ஸ்கோப்' என்ற மைக்ராஸ்கோப் சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வெங்காயத் தோலை உரித்து அதில் வைத்தால் செங்கல் அடுக்கியது போலச் செல்கள் தெரியும்.

சில எச்சரிக்கைகள். சோதனைக்கு எடுத்த பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. நுரையீரலைப் பாதிக்கும் குளோரின் வாயு வரும். மின்சாரச் சோதனைக்குப் பாட்டரி மட்டுமே. சுவர் பிளக் பக்கம் போகக்கூடாது. சின்னத் திரையைத் தொடர்ந்து பார்க்கும் பிள்ளைகள் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடி பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கட்டும்.

முக்கியமாக ஒன்று. வீட்டில் ஒரே கைபேசி என்றால் பையனுக்குக் கொடுத்த பிறகு மிச்ச நேரம் பெண்ணுக்கு என்று வைக்காதீர்கள். பிராக்டிகல் வகுப்பு யாருக்கு இருக்கிறதோ, அன்று கைபேசி அவருக்கு. சுவரில் ஒரு அட்டவணை எழுதி ஒட்டிவிட்டால் சண்டை வராது.

உங்கள் தெருவிலும் பிராக்டிகலுக்குப் பயந்து படிப்பை நிறுத்திய ஒரு மருமகள் இருப்பாள். கண்ணையோ காலையோ காரணம் காட்டி வேறு படிப்பில் தள்ளப்பட்ட ஒரு பிள்ளை இருக்கும். "உனக்கு எதுக்கு ஸயன்ஸ்?" என்று கேட்காமல், "உனக்கு எத்தனை நாள் துணை வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏழு நாளுக்கு மேல் இருக்காது.